சந்தேகப் பெட்டியில் கிடந்த பார்சல்

என் தங்கை ஷமீமாவைப் பற்றிக் கோட்டைப்பட்டினத்தில் விசாரித்தால், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள், மாப்பிள்ளை தோஹாவில் இருக்கிறார் என்பார்கள். இரண்டும் சரிதான். அவள் பார்க்கும் மூன்றாவது காரியம் எங்கள் வீட்டாருக்கும் இன்னும் இரண்டொருவருக்கும் மட்டுமே தெரியும். புரோக்ரசிவ் ராக் என்று ஒரு வகை மேல்நாட்டு இசை இருக்கிறது. அதற்கென்றே நடக்கும் ஓர் இணையதளத்தில், புதிதாக வரும் இசைக்குழுவை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்ய ஐந்து பேர் இருக்கிறார்கள். நார்வேயில் ஒருவர், சிலியில் ஒரு டாக்டர் அம்மா, போலந்தில் ஒருவர், கனடாவில் ஒருவர், கோட்டைப்பட்டினத்தில் ஷமீமா.

இதைப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன மே மாதம் அவள் அந்த இடத்தை இழக்கப் பார்த்தாள். காரணம் நான். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவது முறையாகாது.

எனக்குக் கடற்கரைச் சாலையில் விசைப்படகு இன்ஜின் உதிரிபாகக் கடை. ஒன்பதாவதோடு கடைக்கு வந்தேன், இருபத்தாறு வருடம் ஆகிறது. சுவர் முழுக்க மரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. எந்த இன்ஜினுக்கு உரியது என்று தெரியாத சாமான் வந்தால் அதற்குத் தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். சந்தேகப் பெட்டி என்று பெயர். அதில் போகும் சாமானுக்கு ஒரு நம்பர், ஒரு சீட்டு, சந்தேக நோட்டில் ஒரு வரி. வந்த தேதி, நேரம், கொண்டுவந்தவர் கையெழுத்து, யாரிடம் விசாரிக்கப்பட்டது, என்ன தீர்ந்தது என்று ஐந்து கட்டம். தெரியாத சாமானைத் தெரிந்த பெட்டியில் போட்டுவிட்டால் யாராவது அதை நம்பி வாங்கிப் போவார்கள், கடலில் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போய் இன்ஜின் நிற்கும். ஆகவே தெரியும் வரை அது சந்தேகப் பெட்டியில்தான் கிடக்கும். ஒன்பது வருடமாகக் கிடக்கும் பித்தளை வளையம்கூட அதில் உண்டு.

ஷமீமாவுக்கும் அதே குணம். சின்ன வயதிலேயே டப்பாவில் மல்லியும் சீரகமும் கலந்திருந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது. அறந்தாங்கியில் பி.எஸ்சி. கணக்கு படித்தாள். கல்யாணமாகி இரண்டாம் வருடம், மாப்பிள்ளை முகமது அஸ்வர் லீவில் வந்தபோது ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டுவந்தார். அவருடன் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. சினிமா இருக்கும் என்று நினைத்து மாப்பிள்ளை திறந்தார். உள்ளே நானூறு ஆல்பம் பாட்டு, ஒன்றிலும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் நம்பர். அவர் மூடி வைத்துவிட்டார். ஷமீமாவால் முடியவில்லை. எந்தப் பாட்டு எந்தக் குழுவுடையது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பெயர் போட ஆரம்பித்தாள். ஒன்றரை வருடம் ஆயிற்று. தேடின வழியில்தான் அந்த இணையதளம் கிடைத்தது. அதிலேயே பதினோரு தவறுகளைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டாள். ஒன்பதை அவர்கள் ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். மற்ற இரண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பாள். அதற்குப் பிறகுதான் எங்களோடு சேர்கிறீர்களா என்று அவர்களாகவே கேட்டார்கள்.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. விசைப்படகு டிரைவர் சூசைராஜ் என் வயதுக்காரன், கடை பெஞ்சில் பாதி நாள் அவன்தான் உட்கார்ந்திருப்பான். அவனிடம் சொன்னேன்.

"சம்பளம் எவ்வளவு பாய்?"

"சம்பளம் கிடையாதாம்."

"கிடையாதா? நார்வேக்காரன் ஒருத்தன் தங்கச்சிக்கிட்ட சும்மா வேலை வாங்குறான், நீங்களும் பேசாம இருக்கீங்க. ஓடிபி ஏதும் கேட்டானா?"

"கேக்கலையாம்."

"இன்னும் கேக்கல. கேப்பான் பாருங்க."

அன்றிலிருந்து அவள் மேல் ஒரு கண் வைத்தேன். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு மாலை அசர் தொழுகை வரைக்கும் அவளுக்கு டியூஷன் கிடையாது. அந்த நேரத்தில் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரூல் போட்ட நோட்டை விரித்து உட்காருவாள். ஒருநாள் சாப்பிட வந்த இடத்தில் கேட்டேன்.

"ஏன் புள்ள, ஒரே பாட்ட மூணு தடவ கேக்குற?"

"மொதத் தடவ சும்மா கேப்பேண்ணே. ரெண்டாந் தடவ டிரம்ஸ மட்டும். மூணாந் தடவ எங்கெங்க பாடாம நிறுத்துறாங்கன்னு கேப்பேன்."

"பாடாததக் கேக்குறதுக்கா இம்மாம்பெரிய ஹெட்போனு?" என்றார் எங்கள் உம்மா ஹவ்வா உம்மாள், அடுப்படியிலிருந்து. "எங்கிட்டயே வந்தா நான் சும்மா இருந்து காட்டுறேன்."

அன்று அவள் எனக்கு விவரம் சொன்னாள். இருபதுக்கு மேல் பிரிவுகள். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். சிம்ஃபோனிக் என்றால் ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும். கீபோர்டும் வயலினுமாகக் கல்யாண ஊர்வலம் போல நாலைந்து இடத்தில் நின்று நின்று போகும், புறப்பட்டபோது கேட்ட மெட்டு கடைசியில் வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு வரும். ஸ்பேஸ் ராக் ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். ஜாஸ் ராக்கில் ஒவ்வொருத்தரும் தன் முறை வரும்வரை காத்திருந்து கைவரிசை காட்டுவார்கள். மெட்டல், சைலன்சர் கழற்றிய இன்ஜின். அவாண்ட் என்று ஒன்று, வேண்டுமென்றே முறையை உடைப்பார்களாம். எனக்கு அதைக் கேட்டால் ஏதோ ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றுதான் படும். ராகா ராக் என்பது சிதார், தபேலா, நம் பக்கத்து ராகங்களின் மேல் நிற்பது.

ஒரு குழுவுக்கு ஒரே பிரிவுதான். ஒரு பாட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவர்கள் போட்ட அத்தனையும் கேட்டு, எதை எடுத்துவிட்டால் அந்தக் குழு அந்தக் குழுவாக இருக்காது என்று பார்க்க வேண்டும். ஐந்து பேரும் ஓட்டும் போட்டு, காரணமும் எழுத வேண்டும்.

"ரெண்டு பெட்டியில போட்டா என்ன?"

"நீங்க ஒரு கேஸ்கட்ட ரெண்டு பெட்டியில வைப்பீங்களா?"

"வைக்க மாட்டேன். ஆனா சந்தேகம்னா?"

"அதான் கஷ்டம். ஒங்க சந்தேகப் பெட்டி மாதிரி அங்க ஒண்ணு இல்லண்ணே. எதுலயாவது போட்டே ஆகணும்."

அதைக் கேட்டு எனக்கு அந்த இணையதளத்தின் மேல் இருந்த சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடியது.

ஏப்ரல் கடைசியில் டின் மான்சூன் என்ற குழு அவர்கள் முன்னால் வந்தது. பினாங்குக்காரர்கள். நாலு பேரில் மூன்று பேர் தமிழர்கள், தலைவர் பெயர் நிலவழகன். போலந்துக்காரர் அதை ராகா ராக்கில் போடலாம் என்று எழுதினார். சிலி டாக்டர் அம்மாவும் ஆமாம் என்றார். ஷமீமா ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது பாட்டில் நாதஸ்வரம் வருவது ஒரே பாட்டில், அதுவும் மூன்று நிமிடம். தபேலா ஒரு பாட்டில். மீதியெல்லாம் ஆர்கனும் நீண்ட கட்டங்களும், பதினெட்டு நிமிடப் பாட்டு இரண்டு. சிம்ஃபோனிக்தான் என்று நான்கு பக்கம் எழுதினாள்.

"பாட்டக் கேட்டுப் போடலண்ணே. பேரப் பாத்துப் போடுறாங்க. நிலவழகன்னு பேரு இருந்தா ராகம்தான் பாடணுமா?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. மேலே ஒட்டிய சீட்டை மட்டும் பார்த்துச் சாமானை எடுத்து வைக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கனடாக்காரர் ஷமீமா பக்கம் நின்றார். நார்வேக்காரர் ஹென்ரிக் முடிவு சொல்லவில்லை. அவர்தான் ஐவருக்கும் தலைவர், ஒரு படகுப் போக்குவரத்துக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மே முப்பத்தொன்று கடைசித் தேதி. போலந்துக்காரர் மட்டும் ஒரு வரி எழுதினார்: தன் ஆட்கள் என்பதால் ஷமீமா பரிந்து பேசுகிறாரோ என்று. அந்த வரியைப் படித்த அன்று அவள் டியூஷனை அரை மணி முன்னதாகவே முடித்துவிட்டாள்.

இந்த நிலையில் மே பதினொன்றாம் தேதி பார்சல் வந்தது. மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில், இன்ஜினைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், கடையில் நிற்க இடமில்லை. எங்கள் தெருவுக்கு வரும் கூரியர் எல்லாம் கடையில்தான் இறங்கும். கூரியர்க்காரர் அட்டைப் பெட்டி ஒன்றை வைத்தார். ஷமீமா பெயர், என் கடை விலாசம். அனுப்பியவர்: நிலவழகன், பினாங்கு.

எனக்கு அப்போது குழுவின் பெயர் தெரியும், தலைவர் பெயரும் ஒருமுறை காதில் விழுந்திருந்தது. ஆனால் அந்த நிமிடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை தோஹாவில் இருக்கும்போது யாரோ ஒரு ஆம்பளை பினாங்கிலிருந்து என் தங்கைக்கு எதற்குப் பெட்டி அனுப்புகிறான் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. சூசை வேறு பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான்.

"துணி மாதிரி இருக்கு பாய்."

"வையிடா கீழ."

பிரிக்கவில்லை. அவளிடம் கொடுக்கவும் இல்லை. நம்பர் 214 என்று சீட்டு எழுதி ஒட்டிச் சந்தேகப் பெட்டியில் வைத்தேன். நோட்டில் வரியும் போட்டேன். மாப்பிள்ளையிடம் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். போன் ஒலித்தால் யார் என்று கேட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றும்போது சிரித்திருந்தால் எதற்குச் சிரித்தாள் என்று உம்மாவிடம் விசாரித்தேன். ஒன்பது நாள் இப்படியே போயிற்று.

மே இருபதாம் தேதி பகல் மூன்று மணிக்கு ஷமீமா கடைக்கு வந்தாள். பர்தாவைப் பிடித்தபடி வேகமாக நடந்து வந்தவள் பெஞ்சில் இருந்த சூசையைக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, பதினொண்ணாந் தேதி பகல் பன்னெண்டு அஞ்சுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையில."

"என்ன பண்ணுனீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் போனை நீட்டினாள். கூரியர் சீட்டின் படம். பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதாமல் நான் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை. மூன்றும் என் கையெழுத்தில் தெளிவாக இருந்தன.

நடந்தது இதுதான். இணையதளத்தில் தன் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயரையும் ஷமீமா போட்டிருக்கிறாள். பினாங்கில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நிலவழகன் அவரிடம் விசாரித்து விலாசம் வாங்கி, தன் குழுவின் டிஸ்க் ஒன்றும் ஒரு பனியனும் அனுப்பிவிட்டார். மரியாதைக்கு அனுப்பியதுதான். பிறகு எல்லாரும் படிக்கும் பக்கத்தில், பார்சல் கிடைத்ததா என்று கேட்டு எழுதிவிட்டார். அந்த ஐந்து பேருக்கும் ஒரு விதி உண்டு. குழுக்களிடமிருந்து எது வந்தாலும் மூன்று நாளுக்குள் அறிவிக்க வேண்டும், மறைத்தால் விலக வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை என்று ஷமீமா எழுதினாள். நிலவழகன் அவளுக்கு உதவுவதாக நினைத்து இந்தச் சீட்டின் படத்தைப் போட்டார். அதில் இருந்த என் பெயரைப் பார்த்துச் சிலி டாக்டர் அம்மா கேட்டிருந்தார்: எஸ். பாட்சா யார்?

நான் சந்தேகப் பெட்டியை இழுத்தேன். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். மேலே ஒரு நாசில், இரண்டு வாஷர், பக்கத்தில் அவள் பார்சல்.

"எத்தனாம் நம்பர் நான்?"

"நீ இல்ல புள்ள, பார்சலு..."

"எத்தனாம் நம்பருண்ணே?"

"எரநூத்திப் பதினாலு."

சூசை எழுந்து, "டீ சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே போனான். டீக்கடை இந்தப் பக்கம் இருந்தது, அவன் அந்தப் பக்கம் போனான்.

"ஆளு யாருன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. ஒரு போல்ட்டு வந்தாக்கூட நாலு டிரைவர்கிட்டக் கேப்பீங்க."

பார்சலை வெளியே எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழாமல் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். பெட்டி, சீட்டு, கூரியர் ஒட்டிய டேப் கிழியாமல் இருப்பது. என்னை ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதச் சொன்னாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு நேரத்தையும் போட்டேன். அவள் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. சிலி டாக்டர் அம்மா நம்பவில்லை. சீட்டை நேற்றுக்கூட எழுதி ஒட்டியிருக்கலாமே என்றார். நியாயமான சந்தேகம்தான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அடுத்த நம்பர் 215-க்கு மே பன்னிரண்டாம் தேதி சூசையின் கையெழுத்து இருக்கிறது, அதற்கு முன்னால் 214-ஐ இடையில் நுழைக்க முடியாது என்று நோட்டைப் படமெடுத்து அனுப்பினோம். சூசையின் கையெழுத்துதான் என்று காட்ட, ஒரு தாளில் இன்னொரு தடவை போடச் சொன்னோம். போட்டான். இரண்டும் வேறு வேறு ஆள் போட்டது போல இருந்தது.

"என்ன சூசை இது?"

"நமக்கு ஒரு நாளும் ஒரே மாதிரி வந்ததில்ல பாய். பேங்க்லயே தெரியும்."

ஷமீமா அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தாள்.

பிறகு ஹென்ரிக் கேட்டார். 200 முதல் 220 வரை எல்லா வரியும் வேண்டும், எதையும் தேர்ந்தெடுக்காமல், முழுப் பக்கமாக. அனுப்பினோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஷமீமா ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினாள். 214-ஐ எழுதும்போது அவள் கை நின்றது. "யாரிடம் விசாரிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தேன்: யாரிடமும் இல்லை. ஷமீமாவிடம் சொல்லவில்லை. அவள் மேல் கவனம் வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"விட்டா பொய்யாயிரும்" என்று சொல்லி, கடைசி வார்த்தை வரை மொழிபெயர்த்தாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் அவள் ஹெட்போனைத் தொடவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் எப்போதும்போலக் கணக்கு போட்டாள். மூன்றாம் நாள் ஹென்ரிக் எழுதினார். ஷமீமா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் எழுதியது இதுதான்: முப்பது வருடம் ஸ்டோர் பார்த்தேன், சரக்கைப் பற்றிப் பொய்யாக எழுதப்பட்ட நோட்டுகள் நிறையப் பார்த்திருக்கிறேன், தன்னைப் பற்றியே இப்படி எழுதிவைத்த ஆளை முதல் முறையாகப் பார்க்கிறேன், இதை நம்புகிறேன் என்று. சிலி டாக்டர் அம்மாவும் சரி என்றார். ஷமீமா ஐவரில் ஒருத்தியாகவே இருக்கலாம். ஆனால் டின் மான்சூனுக்கு அவள் போட்ட ஓட்டு செல்லாது. பார்சல் வந்தது வந்ததுதான்.

மே முப்பத்தொன்றில் ஹென்ரிக் ஓட்டுப் போட்டார். சிம்ஃபோனிக். காரணம் என்ற இடத்தில், ஷமீமா எழுதிய நான்கு பக்கமே காரணம் என்று எழுதியிருந்தார். ஆகவே இரண்டுக்கு இரண்டு. சமமாக நின்றால் முதலில் முன்மொழிந்த பிரிவுதான். டின் மான்சூன் ராகா ராக்கில் போய் உட்கார்ந்தது. ஷமீமாவின் ஓட்டு இருந்திருந்தால் மூன்றுக்கு இரண்டு. அது போனது என்னால்தான் என்று யாருமே எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பார்சலைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். அறந்தாங்கிக்கு நானே எடுத்துப்போய் அனுப்பினேன். பதினோரு நாள் அவள் என்னிடம் சோறு, தண்ணீர், சாவி இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. உம்மாதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அவன் செஞ்சது தப்புதான். அதுக்காக நீயும் மூணாந் தடவ கேக்குற பாட்டு மாதிரி வாயத் தொறக்காமயே இருந்தா எப்புடி?" என்றார். அப்போதும் அவள் சிரிக்கவில்லை.

எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சாமான் தவறான பெட்டியில் கிடக்கிறது, போட்டது என் கை என்றால் தூக்கம் எப்படி வரும்? ஷமீமாவின் பழைய போனை வாங்கி டின் மான்சூனின் ஒன்பது பாட்டையும் கேட்டேன், சாப்பாட்டு நேரத்தில், நாலு நாள். பதினெட்டு நிமிடப் பாட்டில் முதலில் வரும் மெட்டு கடைசியில் உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. எனக்கே கேட்டது. நோட்டை எடுத்து 214-இல் "தீர்வு" என்ற கட்டத்தில் எழுதினேன்: என் தவறு. திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்து 221 என்று புது வரி போட்டேன்: டின் மான்சூன். இருக்கும் இடம் தவறு. அடுத்த ஆல்பம் வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். கொண்டுவந்தவர் கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அவள் பார்க்கும்படி வைத்தேன்.

அவள் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"நேரம் போடு" என்றேன்.

"ஒண்ணு நாப்பது" என்று சொல்லி எழுதினாள். "புது ஆல்பம் வந்தா மறு ஓட்டு உண்டுண்ணே, விதியிலயே இருக்கு. அடுத்த வருஷம் வரும்னு நிலவழகன் எழுதியிருக்காரு. ஆனா இந்தத் தடவ பார்சல் வந்தா?"

"உள்ள விடாம வாசல்லயே திருப்பிருவேன்."

"வேணாம். எங்கிட்டக் குடுங்க. நான் அறிவிச்சுக்கிறேன்."

சரி என்றேன்.

போன வாரம் சூசை கடையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஷமீமா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"டின் மான்சூன்னு போட்டிருக்கே பாய், இது எந்த போட்டு இன்ஜினுக்கு?"

"பினாங்கு போட்டு" என்றாள் ஷமீமா.

"எத்தன சிலிண்டர் தங்கச்சி?"

"நாலு. ஆனா மூணு பேரு தமிழ் பேசுறதால அத வேற பெட்டியில போட்டுட்டாங்க."

சூசை நோட்டை மூடி வைத்தான். "அவனுங்க ஓடிபி கேக்கலேல்ல?" என்றான்.